சாலட்னா வெள்ளரிக்காய், கேரட், வெங்காயம் மட்டும்தானா? கிண்ணத்துல கொஞ்சம் கலர் கொண்டுவர வழி சொல்லுங்க

#1 ஈசூன்_வாணி

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா இங்க சிங்கப்பூர்ல எங்க வீட்டுல ராத்திரிச் சாப்பாட்டோட ஒரு கிண்ணம் சாலட் வைக்கிறேன். வீட்டுக்காரருக்கு சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு சொல்லிட்டாங்க, அதுலேர்ந்து ஆரம்பிச்சது.

வெள்ளரிக்காய், கேரட், வெங்காயம், தக்காளி, அடியில ஐஸ்பெர்க் லெட்டூஸ். மேல பாட்டில்ல வர்ற வெள்ளை சாஸ். முதல் நாள் எல்லாரும் சாப்பிட்டாங்க. ரெண்டாம் நாள் பாதிதான் போச்சு. இப்போ வச்ச கிண்ணம் வச்சபடி அடுப்படிக்குத் திரும்பி வருது, அடியில ஒரு விரக்கடை தண்ணியோட. பையன் தொடக்கநிலை மூணு படிக்கிறான். "அம்மா, இது முயலுக்குப் போடறது"ங்கிறான். ஊர்லேர்ந்து வந்திருக்கிற அத்தை வாய் திறந்து ஒண்ணும் சொல்றதில்ல. மரியாதைக்கு ஒரே ஒரு வட்டம் வெள்ளரிக்காயை எடுத்து இலை ஓரத்துல வைக்கிற மாதிரி தட்டு ஓரத்துல வச்சுட்டு, ரசத்தோட முடிச்சுக்கிறாங்க.

சரி, கலர் இருந்தா சாப்பிடுவாங்கன்னு போன சனிக்கிழமை ஊதா முட்டைக்கோஸ், பீட்ரூட் ரெண்டும் வாங்கினேன். அவிச்ச முட்டையும் நறுக்கிப் போட்டு மத்தியானமே கலந்து ஃப்ரிட்ஜுல வச்சேன். சாயந்திரம் திறந்தா, பீட்ரூட் பட்டதெல்லாம் ரத்தக்களறி. முட்டை வெள்ளைக்கரு ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் பச்சை. பையன் போட்டோ எடுத்து அவங்க அப்பாவுக்கு அனுப்பிட்டான். அவர் அன்னைக்கு வெளியில சாப்பிட்டுட்டு வந்தார்.

வேலை முடிஞ்சு வீடு வந்து சேர ஏழு மணி ஆகுது. அரை மணி நேரத்துக்குள்ள ஆகணும், அத்தை சாப்பிடணும், பையன் சாப்பிடணும். என்ன பண்ணலாம்?

#2 புளோக்_பூனை

நீல முட்டையை ஏன்க்கா கொட்டினீங்க, டைனோசர் முட்டைன்னு சொல்லியிருந்தா பையனே ரெண்டு கேட்டிருப்பான்.

#3 தேக்கா_பெரியம்மா

வாணி, தப்பா எடுத்துக்காதேம்மா. நீ வைக்கிறது சாலட் இல்ல, வெட்டி வச்ச காய். அதுல உப்பும் இல்ல, புளிப்பும் இல்ல, தாளிப்பும் இல்ல. அந்த வெள்ளை சாஸை எடுத்துட்டா நாக்குக்கு அதுல என்ன இருக்கு? உங்க அத்தை ஓரத்துல ஒதுக்கினதுல ஆச்சரியமே இல்ல.

நம்ம கோசுமல்லியை மறந்துட்டியா? ராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோட கொடுப்பாங்களே. அரை கப் பாசிப்பருப்பைக் காலையில வேலைக்குக் கிளம்பும்போது தண்ணியில போட்டு ஃப்ரிட்ஜுல வச்சுட்டுப் போ. ஒரு மணி நேரம் ஊறினாலே போதும், சாயந்திரம் வரைக்கும் இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. வந்ததும் வடிகட்டி, பொடியா நறுக்கின வெள்ளரிக்காய், துருவின கேரட், கிளிமூக்கு மாங்காய் கிடைச்சா ஒரு துண்டு, தேங்காய்த் துருவல், கொத்தமல்லி. கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டு. உப்பும் எலுமிச்சையும் கடைசியில, தட்டு போட்ட பிறகு. மஞ்சப் பருப்பு, ஆரஞ்சு கேரட், வெள்ளைத் தேங்காய், பச்சை மல்லி... இதைவிட என்ன கலர் வேணும்?

தண்ணி தேங்குறதுக்குக் காரணம் அந்த சாஸுல இருக்கிற உப்பு. காயில உப்பு பட்டதும் அதுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியே வந்துடும். அது எப்படியும் வரத்தான் போகுது, கிண்ணத்துக்குள்ள வர விடாம முன்னாடியே வர வச்சிடு. வெள்ளரிக்காயை நறுக்கி அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி, வடிகட்டியில பத்து நிமிஷம் வை. அப்புறம் கையில அள்ளி ஒரு பிழி. எவ்வளவு தண்ணி வருதுன்னு பாரு, நீயே அசந்துபோவே. அதுக்கப்புறம் கடிச்சா நறுக்குன்னு இருக்கும். அந்தத் தண்ணியைக் கொட்டிடாதே, மோர்ல சேரு.

வெங்காயத்தை மெல்லிசா சீவி ஐஸ் தண்ணியில பத்து நிமிஷம் போட்டு எடு. காட்டம் போயிடும், பையன் முகம் சுளிக்க மாட்டான்.

#4 சிக்கனம்_சிவா

எல்லாம் சரி, ஆனா செலவைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறீங்க. கலர் குடைமிளகாய் மூணு, செர்ரித் தக்காளி ஒரு பெட்டி, அவகாடோ ரெண்டு, பேபி கீரை ஒரு பை. ஒருவேளை சாலட்டுக்கு இருபது வெள்ளியை (டாலர்) தாண்டிடுது. கீழ இறங்கினா கலவைச் சோத்துக் கடையில ரெண்டு காய், ஒரு முட்டையோட அஞ்சு வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும். நம்ம ஊருக்கு வேண்டிய சாப்பாட்டுல 90 சதவீதத்துக்கு மேல வெளியிலேர்ந்துதான் வருது. அதுல விமானத்துல வர்ற குடைமிளகாயை வாங்கித்தான் கலர் காட்டணுமா?

#5 தேக்கா_பெரியம்மா

//விமானத்துல வர்ற குடைமிளகாயை//

யாருப்பா அதை வாங்கச் சொன்னது? பேரங்காடியில பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள இருக்கிறதை மட்டும் பார்த்தா அப்படித்தான் தோணும். லிட்டில் இந்தியாவுல தேக்கா ஈரச்சந்தைக்கோ பஃபலோ ரோட்டுக்கடைக்கோ வா. பக்கத்துல மலேசியாவிலேர்ந்து வர்ற காய் நிறைய இருக்கும். நான் சந்தை இப்ப இருக்கிற கட்டடத்துக்கு 1982ல மாறினதுலேர்ந்து அங்கதான் காய் வாங்கறேன். கேரட், சிவப்பு முள்ளங்கி, பீட்ரூட், பப்பாளிக்காய், மாங்காய், புதினா, வாழைப்பூ. நாலு பேருக்கு அள்ளிக்கிட்டு வந்தாலும் பத்து வெள்ளிக்கு மேல எனக்கு ஆனதில்ல. பெங்குவாங் ஒண்ணு வாங்கு, ரொஜாக்னு காய், பழக் கலவையில போடுவாங்களே அந்தக் கிழங்கு. தோலை உரிச்சா பால் வெள்ளை. ரெண்டு நாள் ஃப்ரிட்ஜுல இருந்தாலும் கறுக்காது, தண்ணியும் விடாது. சாலட்டுல வெள்ளைக்கு அதை மிஞ்ச ஆளில்ல.

#6 குடுவைக்காரன்

உணவுத் தொழிற்சாலை ஒண்ணுல தரக்கட்டுப்பாட்டுல வேலை பாக்குறேன். நீல முட்டையைப் படிச்ச பிறகு எழுதாம இருக்க முடியல. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

காய்கறி நிறம் எல்லாம் ஒரே சாதி இல்ல. நாலு விதம், நாலுக்கும் நாலு குணம்.

ஊதா முட்டைக்கோஸ்ல இருக்கிறது ஆந்தோசயனின். சரியான பச்சோந்தி. புளிப்பு பட்டா சிவக்கும். காரத்தன்மை பட்டா நீலமாகும், அதுக்கும் மேல போனா பச்சை. காரம்னா மிளகாய்க் காரம் இல்ல, சோடா உப்புல இருக்குமே, அது. முட்டை வெள்ளைக்கரு இயல்பாகவே காரத்தன்மை உள்ளது. அதனாலதான் வாணி அக்கா கிண்ணத்துல அந்த நிறம். கெட்டுப்போனதால வந்தது இல்ல. கோஸை முடி மாதிரி சீவி, ஒரு சிட்டிகை உப்பும் அரை எலுமிச்சையும் பிழிஞ்சு கையால ரெண்டு நிமிஷம் பிசைஞ்சு பாருங்க. மங்கின ஊதா கண் முன்னாடியே ராணி பிங்க் ஆகும். முரட்டுத்தனமும் போய் மெத்துன்னு ஆயிடும்.

பீட்ரூட்ல இருக்கிறது பீட்டலைன். அது நிறம் மாறாது, ஆனா ஓடும். தண்ணியில கரையும், எண்ணெயில கரையாது. அதனால பீட்ரூட்டைத் தனியா ஒரு கிண்ணத்துல வச்சு, முதல்ல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயைப் போட்டுப் புரட்டிடுங்க. சாயம் ஓடுறது குறையும், ஆனா முழுசா நிக்காது. வேக வைக்கிறதா இருந்தா தோலோட, காம்பை ரெண்டு விரல் விட்டு முழுசா வேக வைங்க. சிவப்பு டிராகன் பழமும் இதே குடும்பத்துச் சாயம்தான், அதையும் மத்ததோட சேர்த்துக் கலக்காதீங்க.

கேரட், பப்பாளி, மாம்பழம், பூசணி இதெல்லாம் கரோட்டினாய்டு. இவங்க நேர் எதிர், எண்ணெயில கரையற ஆளுங்க. சாயம் ஓடாது. ஆனா கூட கொஞ்சம் கொழுப்பு இருந்தாத்தான் உடம்பு அதை நல்லா எடுத்துக்கும். பெரியம்மா சொன்ன தாளிப்பும் தேங்காயும் ருசிக்கு மட்டும் இல்ல. எண்ணெயே தொடாத சாலட்னு பெருமைப்படுறவங்க கேரட்டோட பாதிப் பலனை விட்டுடறாங்க.

கடைசியா பச்சை. குளோரோஃபில். புளிப்பு பட்டுக் கொஞ்ச நேரம் ஆனா ஆலிவ் பழுப்பாகிடும். பீன்ஸ், கீரை மேல மத்தியானமே எலுமிச்சை பிழிஞ்சு வச்சா சாயந்திரம் பழைய கஞ்சி மாதிரி நிக்கும்.

ஆக, ஊதாவுக்குப் புளிப்பு முன்னாடி, பச்சைக்குப் புளிப்பு கடைசி. பீட்ரூட்டுக்கு எண்ணெய் முன்னாடி.

#7 ஈசூன்_வாணி

குடுவைக்காரன் தம்பி, கடைசி வரியை எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டேன். அப்போ என் தப்பு வாங்கினதுல இல்ல, மத்தியானமே கலந்து வச்சதுல.

#8 சுந்தர்_வாடகையறை

நான் உட்லண்ட்ஸ்ல ஒரு அறையில வாடகைக்கு இருக்கேன். வீட்டுக்காரர் சமைக்க விட மாட்டார். ஒரு மின்கெண்டி, ஒரு கத்தி, ஃப்ரிட்ஜுல ஒரு தட்டு இடம், அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். ரெண்டு வருஷமா கடைச் சாப்பாடுதான், வயிறு கெட்டுப்போச்சு. இந்த இழையைப் படிச்சதும் சாலட்தான் எனக்குன்னே பிறந்த சமையல்னு தோணுது.

நான் பண்றது: தாங் ஹூன் இருக்கே, அந்தக் கண்ணாடிச் சேமியா. கொதிக்கிற தண்ணியை மேல ஊத்தி மூடி வச்சா அஞ்சாறு நிமிஷத்துல மெத்துன்னு ஆயிடும். டின்னுல வர்ற கொண்டைக்கடலையைக் கழுவிக் கலப்பேன். கேரட்டையும் வெள்ளரிக்காயையும் தோல் சீவியாலயே ரிப்பன் ரிப்பனா இழுத்துடுவேன். கத்தியே தேவையில்ல, நறுக்கினதைவிடப் பார்க்க அழகா வேற இருக்கு. வெள்ளரியில நடு விதை வந்ததும் நிறுத்திடணும், இல்லன்னா கொழகொழன்னு ஆகிடும். மேல வறுத்த வேர்க்கடலை. கலமான்சி (குட்டி எலுமிச்சை) நாலு. பசியடங்குது.

#9 வல்லாரை_அன்ரி

பிள்ளையள், எல்லாரும் லெட்டூஸ் எண்டுறியள், வல்லாரையை மறந்திட்டியள். நான் யாழ்ப்பாணத்தில பிறந்தனான், இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. எங்கட வீட்டில கிழமைக்கு ரெண்டு நாள் வல்லாரைச் சம்பல் இருக்கும். இலையை நல்லா மூண்டு தண்ணியில கழுவி, முத்தல் காம்பை நுள்ளிப்போட்டு, ஒரு பிடியாச் சேர்த்துச் சுருட்டிப் பிடிச்சு, நூல் மாதிரி அரியவேணும். அரிஞ்சு வச்சிட்டுத் தொலைபேசியில கதைக்கக்கூடாது, கறுத்துப் போகும். உடனேயே சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு போட்டுக் கையால மெல்லமாக் குழைச்சு, சாப்பிட இருக்கேக்க தேசிக்காய் விடுங்கோ. தம்பி மேல விளங்கப்படுத்தின விசயத்தை எங்கட அம்மம்மா படிப்பில்லாமலே செய்தவ.

கேலாங் சிராய் ஈரச்சந்தையில பெகாகா எண்டு கேளுங்கோ, தருவினம்.

#10 கெம்பாங்கான்_ராணி

அன்ரி கேலாங் சிராய்னு சொன்னதும் எனக்கு வாய் ஊறிடுச்சு. எங்க பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (ஆன்ட்டி) எனக்குக் கெராபு, அவங்க ஊர் சாலட், கத்துக்கொடுத்தாங்க, அதைச் சொல்லாம போக மாட்டேன்.

அங்க காச்சாங் போத்தோல் கிடைக்கும், நம்ம சிறகவரை. நீளவாக்குல பார்த்தா சாதாரணக் காய்தான். குறுக்கே வெட்டுங்க. ஒவ்வொரு துண்டும் நாலு இறக்கை விரிச்ச நட்சத்திரம், ஓரமெல்லாம் சுருள் சுருளா. குழந்தைங்க வீட்டுல இதுக்கு மேல அலங்காரமே வேண்டாம். பிஞ்சா வாங்கிக் கொதிக்கிற தண்ணியில அரை நிமிஷம் போட்டு, ஐஸ் தண்ணிக்கு மாத்துங்க. பச்சை அப்படியே கண்ணைப் பறிக்கும்.

அடுத்தது கெரிசிக். தேங்காய்த் துருவலை எண்ணெய் இல்லாம சின்னத் தீயில பழுப்பாகிற வரைக்கும் வறுத்து, சூட்டோட உரல்ல இடிக்கணும். இடிக்க இடிக்க எண்ணெய் கசிஞ்சு சேறு மாதிரி வரும். மக்சிக் நின்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க, நான் கையை எடுத்தா "லாகி, லாகி"ன்னு இன்னும் இடிக்கச் சொல்வாங்க. ஒரு டப்பா பண்ணி ஃப்ரிட்ஜுல வச்சா ரெண்டு வாரம் நிக்குது. ரெண்டு ஸ்பூன் கெரிசிக், நறுக்கின சின்ன வெங்காயம், சில்லி பாடி, எலுமிச்சை. அவ்வளவுதான் டிரெஸ்ஸிங். பாட்டில் சாஸைத் தூக்கிப் போடுங்க. அவங்க பெலாச்சான் (இறால் விழுது) சேர்ப்பாங்க, நான் வெள்ளிக்கிழமையில சேர்க்க மாட்டேன்.

புங்கா கந்தான் விட்டுட்டேனே! ரொஜாக்குல போடுற இஞ்சிப்பூ. ஒரு மொட்டு போதும், அதையும் பாதிதான். இதழை ரொம்ப மெல்லிசா சீவித் தூவினா இளஞ்சிவப்பு ஒரு பக்கம், வாசனை ஒரு பக்கம். இஞ்சி மாதிரியும் இல்ல, எலுமிச்சை மாதிரியும் இல்ல. சொல்லித் தெரியாது, மோந்துதான் பார்க்கணும்.

#11 சிக்கனம்_சிவா

தேக்கா விலை எல்லாம் ஒத்துக்குறேன், தோத்துட்டேன். ஆனா இன்னொரு கேள்வி. இந்தக் கலர் மோகமே போன் கேமராவுக்காக வந்ததுதானே? எங்க அம்மா வெறும் வெண்டைக்காய்ப் பச்சடி, வெள்ளரிக்காய்ப் பச்சடின்னு போட்டாங்க, நாங்க சாப்பிட்டு வளரலையா? எதுக்கு வானவில்?

#12 தேக்கா_பெரியம்மா

உங்கம்மா கல்யாண இலையில பீட்ரூட் பச்சடியையும் மாங்காய்ப் பச்சடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சது எந்த போனுக்காம்?

#13 இரவுப்பணி_தாதி

வேலை முடிஞ்சு வந்து படிக்கிறேன். நல்லாப் போகுது இழை. ஆனா தாதியா சில விஷயம் சொல்லியாகணும்.

நட்சத்திர வடிவம்னதும் யாராவது நட்சத்திரப் பழத்தை வெட்டிப் போடலாம்னு சொல்லுவீங்கன்னு பயந்துக்கிட்டே படிச்சேன். நல்லவேளை, யாரும் சொல்லல. வீட்டுல சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க யாராவது இருந்தா அந்தப் பழம் கிட்டவே வரக்கூடாது. அதுல இருக்கிற நச்சுப்பொருளைப் பழுதான சிறுநீரகத்தால வெளியேத்த முடியாது. விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகும்.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க, திடீர்னு ஒரு நாள் கிண்ணம் கிண்ணமாக் கீரையில குதிக்காதீங்க. கீரையில இருக்கிற வைட்டமின் கே மருந்தோட வேலையை மாத்தும். எப்பவும் ஒரே அளவாச் சாப்பிடணும். கூட்டணும்னா மருத்துவர்கிட்ட கேட்டுட்டு.

தவ்கேயை (முளைவிட்ட பயறு) பச்சையாப் போடாதீங்க. அது முளைக்கிற வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் பிடிச்ச இடம். கொதிக்கிற தண்ணியில நல்லா வேக விட்டு எடுங்க. சுந்தர், உங்க கெண்டித் தண்ணியை மேல ஊத்துறது தவ்கேக்குப் போதாது.

இன்னொண்ணு, பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாப் போனா பதறாதீங்க. சிலருக்கு அப்படித்தான் போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதுக்காக ஓடி வந்தவங்களைப் பார்த்திருக்கேன். பீட்ரூட்டே சாப்பிடாம சிவப்பாப் போனா மட்டும் வாங்க.

மத்தபடி அளவு பெரிய கணக்கெல்லாம் இல்ல. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்ற தட்டுதான்: பாதித் தட்டு காயும் பழமும், கால் பங்கு முழுதானியம், மீதிக் கால் பங்கு மீன், முட்டை, பருப்பு. வாணி, வீட்டுக்காரர் சோத்தை வச்சுட்டு ஓரத்துல சாலட் வைக்கிறாரா, முதல்ல சாலட்டை வச்சுட்டு மிச்ச இடத்துல சோறு வைக்கிறாரான்னு பாருங்க.

#14 தாழ்வாரத்_தோட்டம்

நீலம் பத்திப் பேசும்போது சங்குப்பூவை விட்டா எப்படி? மலாய்ல புங்கா தெலாங். நியோன்யா குவே பலகாரம், நாசி கெராபு சோறு ரெண்டுலயும் நீலம் இதுலேர்ந்துதான். எங்க வீட்டு வாசல்ல தாழ்வாரக் கம்பியில ஒரு கொடி ஏத்தியிருக்கேன். 2020ல தேசியப் பூங்காக் கழகம் பதிவு பண்ணின வீடுகளுக்கு விதைப் பொட்டலம் கொடுத்தப்போ காய்கறியில தொத்திக்கிட்ட பழக்கம், இப்போ பூவுல வந்து நிக்குது. (தொட்டி வைக்கிறவங்க தாழ்வாரத்துல 1.2 மீட்டர் வழி விடணும், தட்டுல தண்ணி தேங்கக்கூடாது. கொசு வந்தா அபராதம்.)

பத்துப் பன்னிரண்டு பூவைப் பச்சைக் காம்பைக் கிள்ளிட்டு அரை கப் கொதிதண்ணியில போட்டா மை மாதிரி நீலம் இறங்கும். சுந்தர், உங்க தாங் ஹூனை அந்தத் தண்ணியில ஊற வைங்க. நீலக் கண்ணாடி நூல் கிடைக்கும். குடுவைக்காரன் சொன்ன அதே ஆந்தோசயனின்தான், எலுமிச்சை பிழிஞ்சா கண் முன்னாடி ஊதாவாகும். பூங்காவுல இருக்கிற கொடியில மட்டும் கை வைக்காதீங்க.

#15 கெம்பாங்கான்_ராணி

இதைப் படிச்சதும் ஒரு யோசனை. வாணி, நீங்க ஏன் சாலட்டைக் கலந்து வைக்கிறீங்க? கலக்காமலே வைங்க.

சீனப் புத்தாண்டுக்கு அலுவலகத்துல லோ ஹெய் பண்ணுவாங்களே, யூ ஷெங், பச்சை மீன் போட்ட சாலட். கேரட் ஒரு குவியல், வெள்ளை முள்ளங்கி ஒரு குவியல், பச்சை முள்ளங்கி ஒரு குவியல், பம்பளிமாஸ், கடலை, எள்ளு, மொறுமொறு பிஸ்கட், எல்லாம் தனித்தனி. மேசைக்கு வந்த பிறகுதான் எல்லாரும் எழுந்து நின்னு குச்சியால உயரத் தூக்கிக் கலக்குவாங்க. நாலு சமையல் வல்லுநர்கள் சேர்ந்து 1964ல இங்க அறிமுகப்படுத்தினதுன்னு சொல்வாங்க. மலேசியாவுல கேட்டா அவங்களோடதுன்னு சண்டைக்கு வருவாங்க, அது வேற கதை. யாரா இருந்தாலும் விஷயம் புரிஞ்சவங்க. சாயம் ஓட நேரமில்ல, தண்ணி விட நேரமில்ல, பச்சை பழுப்பாக நேரமில்ல. மொறுமொறுப்பும் போகாது. இந்த இழையில சொன்ன அத்தனை வியாதிக்கும் ஒரே மருந்து!

மீன் வேண்டாம்னா விட்டுடுங்க. கடையில நன்னீர் மீனைப் பச்சையாப் பரிமாற 2015லேர்ந்து தடை, வீட்டுலயும் அந்த ஆசையே வேண்டாம்.

#16 புளோக்_பூனை

குதிச்சுக் குதிச்சுக் கலக்குறதுன்னா பையன் முதல் ஆளா வருவான். தரையில பழைய பேப்பர் விரிச்சுக்குங்க, அனுபவத்துல சொல்றேன்.

#17 ஈசூன்_வாணி

நேத்து ஞாயிற்றுக்கிழமை பண்ணினேன். வரிசையாச் சொல்றேன், தப்பையும் சேர்த்து.

வீட்டுல பெரிய தட்டு இல்ல, பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தேன். ஊதாக் கோஸ் எலுமிச்சை போட்டுப் பிசைஞ்சது, ராணி பிங்க்னா ராணி பிங்க்தான். கேரட் ரிப்பன். பெங்குவாங் குச்சி குச்சியா. உப்பு போட்டுப் பிழிஞ்ச வெள்ளரிக்காய், பெரியம்மா, ஒரு டம்ளர் தண்ணி வந்தது, ரெண்டு காய்க்கு! சிறகவரை நட்சத்திரம். பீட்ரூட்டை எண்ணெய் தடவிச் சின்னக் கிண்ணத்துல சிறை வச்சேன். நடுவுல நீலத் தாங் ஹூன். தாழ்வாரத்_தோட்டம் சொன்ன மாதிரி பூ கிடைக்கல, காய்ஞ்ச பூ ஒரு பொட்டலம் வாங்கினேன்.

வாழைப்பூவும் போடலாம்னு ஆசைப்பட்டு நறுக்கினேன், மோர்த்தண்ணியில போட மறந்துட்டேன். திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள கரிக்கட்டை. அது கூட்டுக்குப் போயிடுச்சு.

அத்தை தாம்பாளத்தை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "பருப்பு இல்லாம எப்படி?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குள்ள போனாங்க. கோசுமல்லிக்கு ஊற வச்சிருந்த பாசிப்பருப்பை வடிச்சு, அவங்களே கடுகு தாளிச்சுக் கொட்டித் தாம்பாளத்துல ஒரு மஞ்சக் குவியல் வச்சாங்க. பெருங்காயம் என்னைவிட ரெண்டு மடங்கு. சரியா இருந்தது.

பையன் கையில கலமான்சி. ஒண்ணு பிழிஞ்சான், ஒண்ணும் ஆகல. ரெண்டாவதுக்கு லேசா மாறுச்சு. நாலாவதுக்கு நூல் நூலா ஊதா ஓடிச்சு, கத்தின கத்துல எதிர்வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் எல்லாரும் நின்னுக்கிட்டுக் கலக்கினோம். கெரிசிக் நான் சரியா இடிக்கல போல, மணல் மணலா இருந்தது, ஆனா ருசி இருந்தது. பையன் சிறகவரையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்னான். ஊதாக் கோஸை ஒதுக்கிட்டான். வீட்டுக்காரர் பாதி தின்னுட்டு "சோறு எங்க?"ன்னு கேட்டார். ஒரு கரண்டி போட்டேன்.

சமைக்க அரை மணிதான் பிடிச்சது. நறுக்க ஒண்ணேகால் மணி. வேலை நாள்ல இதுல மூணு குவியல்தான் முடியும்.

#18 குடுவைக்காரன்

கோஸ், கேரட், பெங்குவாங் மூணையும் ஞாயிறே சீவித் தனித்தனி டப்பாவுல அடியில டிஷ்யூ பேப்பர் போட்டு வைங்க. புதன் வரைக்கும் தாங்கும். வெள்ளரியும் இலையும் மட்டும் அன்னன்னைக்கு. கெரிசிக் ஆறின பிறகு இடிச்சிருப்பீங்க, அதான் மணல்.

#19 ஈசூன்_வாணி

ஆமா தம்பி, போன் வந்துடுச்சு, ஆறிப்போச்சு. இஞ்சிப்பூ பாதி மிச்சம் இருக்கு, என்ன பண்றது?

#20 கெம்பாங்கான்_ராணி

அப்படியே பையில போட்டு ஃப்ரீசர்ல வைங்க. வேணும்போது உறைஞ்சபடியே சீவிக்கலாம், இன்னும் மெல்லிசா வரும்.

#21 தேக்கா_பெரியம்மா

அது இருக்கட்டும். பித்தளைத் தாம்பாளமா? புளிப்பை அதுல பிழியக்கூடாது, களிம்பு ஏறும். அதுவும் பூஜைக்கு வச்சிருக்கிறது மாதிரி தெரியுதே, உங்க அத்தை ஒண்ணும் சொல்லலையா?

#22 ஈசூன்_வாணி

சொன்னாங்க பெரியம்மா. தாம்பாளத்தைப் புளி போட்டு அவங்களே தேய்ச்சு சாமி ரூமுல வச்சுட்டாங்க. தேக்காவுக்குப் போனா எவர்சில்வர்ல ஒண்ணு வாங்கிட்டு வரணுமாம். இதைவிடப் பெருசா.